பாடம் செய்த பறவை

சென்ற ஆண்டு எங்கள் ஊர் ஜினாலயத்தில் பூஜை முடிந்து வெளிவருகையில், இளம் தாய் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். கணவருக்குச் சென்னையில் வேலை. ஐந்து வயதில் ஒரு மகன்.

"டீச்சரம்மா, லீவில் பையனை எழும்பூர் மியூசியத்துக்கு அழைச்சிட்டுப் போகலாம்னு இருக்கோம். ஆனா அங்கே பறவை, மிருகமெல்லாம் கொன்னு பஞ்சடைச்சு வெச்சிருக்காங்களே. எறும்பை மிதிக்காதேன்னு சொல்லி வளர்க்கிற பிள்ளைக்கு அதைக் காட்டலாமா? காட்டினா, அது என்னன்னு சொல்றது?"

ஆசிரியப் பணியில் முப்பத்துநான்கு ஆண்டுகளைக் கழித்தவர்கள் நாம். அவற்றிற் பெரும்பகுதி ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில், பிறருக்குக் கற்பிக்கும் முறையைக் கற்பித்தே கழிந்தது. ஆயினும் அந்தத் தாய்க்கு நாம் அன்று உடனே விடை சொல்லவில்லை. "இரண்டு நாள் பொறு அம்மா" என்று சொல்லி வந்துவிட்டோம். காரணம், இதே கேள்வியை ஒரு குழந்தையே நம்மிடம் முன்னொரு நாள் கேட்டிருந்தது. அன்று நாம் சொன்ன விடை பொய். அதை எழுதாமல் இந்தக் கேள்வியைப் பற்றி நம்மால் எழுத இயலாது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. முதலில் கல்லூரிச் சாலையில் இருந்த கல்லூரிக் கட்டடத்தில் இயங்கிற்று. 1854-இல் இப்போதுள்ள பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. அதன் முதற் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். வளாகத்தில் உயிரோடு கட்டி வைத்திருந்த ஒரு சிறுத்தையையும் ஒரு புலியையும் காண மக்கள் திரள்வதை அவர் கண்டார். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் கேட்டுப் பெற்றார். 1855-இல் சென்னையின் மிருகக்காட்சி சாலை இவ்வாறே பிறந்தது. பின்னர் அது சென்ட்ரல் நிலையத்தருகே போய், 1985-இல் வண்டலூருக்குப் போயிற்று.

இவ்விரண்டிற்கும் நம் எளிய மக்கள் இட்ட பெயர்கள் பழைய சென்னைவாசிகளுக்கு நினைவிருக்கும். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதால் காலேஜ் என்ற சொல் ஒட்டிக்கொண்டது போலும். படித்தவர்கள் இப்பெயர்களைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாமும் சிரித்ததுண்டு. இன்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கட்டடத்துக்கு அதைவிட நேர்மையான பெயரை எந்தப் புலவரும் இட்டிருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

1978-ஆம் ஆண்டு. நம் பயிற்சி நிறுவனத்தோடு இணைந்த மாதிரிப் பள்ளியின் பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்து வந்திருந்தோம். பிள்ளைகள் ஏறக்குறைய நாற்பது பேர். பயிற்சி மாணவியர் எட்டுப் பேர். காலையில் உயிர் காலேஜ், நண்பகலில் கட்டுச்சோறு, பிற்பகலில் அருங்காட்சியகம், மாலையில் கடற்கரை என்பது திட்டம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது வழக்கமில்லை. நான்காம் வகுப்பில் படித்த அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எப்படியோ வந்து சேர்ந்திருந்தாள்.

விலங்கியல் பகுதியில் பறவைகள் இருந்த கண்ணாடிப் பேழையின் முன் அவள் நின்றுவிட்டாள். மற்றவர்கள் அடுத்த கூடத்துக்குப் போய்விட்டனர். நாம் திரும்பிவந்து அழைத்தோம். அவள் சொன்னாள்: "எங்க ஆயா இத செத்த காலேஜுன்னு சொல்லும் டீச்சர்."

"அப்படிச் சொல்லக்கூடாது. அருங்காட்சியகம் என்று சொல்."

அவள் அந்த நீண்ட சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பறவையைக் காட்டிக் கேட்டாள்: "இது செத்துப்போச்சா டீச்சர்? யாரு சாவடிச்சாங்க?"

பேருந்து ஓட்டுநர் ஐந்து மணிக்கு மேல் நிற்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். "இல்லை கண்ணு, அது தூங்குகிறது. சத்தம் போடாமல் வா" என்றோம். அவள் வாயில் விரலை வைத்துக்கொண்டு, மெல்ல அடியெடுத்து வைத்து வந்தாள். அதைப் பார்த்துப் பயிற்சி மாணவியரும் நாமும் மகிழ்ந்தோம். எவ்வளவு நயமாகச் சமாளித்தோம் என்று அன்றிரவு ஒரு மாணவி பாராட்டவும் செய்தாள்.

இரண்டு வாரங்கள் சென்றிருக்கும். பள்ளி வேப்பமரத்தடியில் ஓர் அணில் இறந்து கிடந்தது. இடைவேளை மணி அடித்து எல்லாரும் வகுப்புக்குப் போன பின்னும் அந்தச் சிறுமி அதன் அருகே குந்தியிருந்தாள். எறும்புகள் ஏறத் தொடங்கியிருந்தன. பெரிய பையன்கள் இருவர், "ஏய், அது செத்துப்போச்சு" என்று சிரித்தார்கள். "இல்ல, தூங்குது. டீச்சர் சொன்னாங்க" என்றாள் அவள். அதற்குள் நாம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தோம். பையன்கள் நம்மைப் பார்த்தார்கள். அவளும் நம்மைப் பார்த்தாள். நாம் என்ன சொன்னோம் என்பது நினைவில்லை. பையன்களை அதட்டி அனுப்பியது நினைவிருக்கிறது. அவள் அதன்பின் அவ்வாண்டு முழுதும் நம்மிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை. பாடத்தில் கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

இதை ஒரு பெரிய குற்றமாக எழுதுவானேன் என்று வாசகர் எண்ணலாம். நம் வீடுகளில் 'தாத்தா சாமிகிட்ட போயிருக்கார்' என்றும், 'ஊருக்குப் போயிருக்கார்' என்றும் நாள்தோறும் சொல்லுகிறோம். குழந்தையின் பிஞ்சு மனம் நோகாமற் காப்பது அஹிம்சைதானே, அதற்காகச் சொல்லும் ஒரு சிறு பொய் பொய்யாகுமா என்று கேட்கலாம். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவரே இடம் தந்திருக்கிறார் அல்லவா? ஸமந்தபத்திர ஆசாரியரும் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில், இல்லறத்தானின் சத்திய விரதத்தைச் சொல்லுமிடத்து, பிறருக்கு ஆபத்தை விளைவிக்குமாயின் உண்மையையும் சொல்லாதிருக்க வேண்டும் என்றார். அருங்கலச்செப்பு படித்தவர்கள் இவ்விலக்கணத்தைத் தமிழிலும் அறிவார்கள்.

நெடுநாள் நாமும் இவற்றின் நிழலில் ஒதுங்கி நின்றோம். ஆனால் கூர்ந்து பார்த்தால் அந்த நிழல் நமக்கு உரியதன்று. ஆபத்து வேறு, வருத்தம் வேறு. வேடனுக்கு மான் போன வழியைச் சொல்லும் உண்மை ஆபத்தை விளைவிப்பது. பறவை இறந்தது என்ற உண்மையால் அந்தச் சிறுமிக்கு என்ன ஆபத்து நேர்ந்திருக்கும்? சற்றே வருந்தியிருப்பாள். இறந்த உயிருக்காக வருந்துவதை நாம் ஏன் தடுக்க வேண்டும்? ஜீவகாருண்யம் என்று பெரிய சொல்லால் எதை வளர்க்க விரும்புகிறோமோ, அது அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் தானாகவே முளைத்தது. அதை நாமே கிள்ளினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கருணையால் சொன்ன பொய்யே அன்று. பேருந்து நின்றிருந்தது, நமக்கு நேரமில்லை. தத்துவார்த்த சூத்திரம் பொய்யின் வேரைப் பிரமாதம் என்னும் கவனமின்மையில் காண்கிறது. சத்திய அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களை எண்ணும்போது முதலில் வைப்பது மித்யோபதேசம், தவறானதைக் கற்பித்தல். களவான ஆவணம் எழுதுவதும், அடைக்கலப் பொருளை அபகரிப்பதும் அதற்குப் பின்புதான் வருகின்றன. ஆசிரியத் தொழில் செய்தவர்கள் இவ்வரிசையை ஒருமுறை நின்று படிக்க வேண்டும்.

குழந்தைக்குச் சாவு புரியாது என்று உளவியல் வகுப்பில் நாமே கற்பித்திருக்கிறோம். அதிலும் பாதிதான் உண்மை. மரியா நாகி என்னும் உளவியலாளர் ஹங்கேரியில் குழந்தைகளிடம் கேட்டறிந்து 1948-இல் வெளியிட்ட ஆய்வு பயிற்சிக் கல்வியில் புகழ்பெற்றது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் சாவை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ, திரும்பிவரக் கூடிய ஒன்றாகவோ எண்ணுகிறார்கள் என்றும், வயது ஏற ஏறவே அது மீளாதது, எல்லாருக்கும் உரியது என்று அறிகிறார்கள் என்றும் அவர் கண்டார். அப்படியானால் உறக்கம் என்பது குழந்தை தானே கடந்துவர வேண்டிய ஒரு படி. நம் சிறுமி, படிப்பறியாத தன் ஆயாவின் ஒரு சொல்லால் அந்தப் படியைக் கடந்து வந்திருந்தாள். பயிற்சி பெற்ற ஆசிரியையாகிய நாம் அவளைக் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தோம்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கொன்று வைத்ததைக் காட்டலாமா?

தமிழில் இதற்கு ஒரு விசித்திரமான சொல் இருக்கிறது. இறந்த உடலைக் கெடாமற் செய்து வைப்பதைப் 'பாடம் செய்தல்' என்கிறோம். பறவையாயின் தோலைச் சிறகுகளோடு உரித்தெடுத்து, உட்புறம் பூச்சி அரிக்காதபடி மருந்து பூசி (முற்காலத்தில் பாஷாணம் கலந்த சோப்பைப் பூசுவர்), கம்பியும் பஞ்சும் வைக்கோலும் கொண்டு உருக்கொடுத்துத் தைப்பார்கள். கண்கள் மட்டும் எப்போதும் கண்ணாடி. இந்தத் தொழிலுக்கும் பள்ளியில் படிக்கும் பாடத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதைப் புலவர்கள் சொல்லட்டும். நமக்கு அது குத்துகிறது.

அங்கே நிற்கும் பறவைகள் எல்லாம் கொல்லப்பட்டவை என்று சொல்வதற்கில்லை. மிருகக்காட்சி சாலைகளில் மூப்பால் இறந்தவற்றைப் பாடம் செய்வதும் உண்டு. ஆயினும் பழைய சேகரங்களில் மிகப் பல, துப்பாக்கியால் சுட்டுச் சேர்த்தவை. கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துச் சேர்ப்பதை ஒரு பொழுதுபோக்காகவே மேனாட்டார் பலர் கொண்டிருந்தனர். இது ஹிம்சையன்று என்று எந்த வாதத்தாலும் நாம் நிறுவ முடியாது. நிறுவ முயலவும் வேண்டாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. முதலிய பூச்சிமருந்துகள் வயல்களில் கொட்டப்பட்டன. பைரி போன்ற வேட்டைப் பறவைகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேகமாகக் குறைந்தன. கூட்டில் அமர்ந்த தாயின் உடலுக்கடியிலேயே முட்டைகள் நொறுங்கின. ஏன்? அந்த முட்டை ஓடு முன்பு எவ்வளவு தடிப்பாக இருந்தது என்று தெரிந்தாலன்றி விடை காண வழியில்லை. டெரெக் ராட்கிளிஃப் பிரிட்டனில் 1967-இலும், ஹிக்கி, ஆண்டர்சன் ஆகிய இருவர் அமெரிக்காவில் 1968-இலும், பழைய முட்டைச் சேகரங்களைத் தேடி, எடையும் தடிப்பும் அளந்து, இம்மருந்துகள் பரவிய பின்னரே ஓடு மெலிந்தது என்று காட்டினார்கள். அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்களைத் தடை செய்தது. பைரிகள் மெல்லத் திரும்பி வந்தன. அருங்காட்சியகப் பேழைகளில் உறங்கிய முட்டைகள் (பாருங்கள், நமக்கும் அந்தச் சொல்தான் வருகிறது!) உயிருள்ளவற்றுக்குச் சாட்சி சொல்லின.

ஆகவே முட்டை எடுத்தது நல்வினை ஆகிவிட்டதா? ஆகாது என்பதே நம் கருத்து. எடுத்தவன் பைரியைக் காக்க எடுக்கவில்லை, ஆசையால் எடுத்தான். பின்னால் விளைந்த நன்மை முன்னே செய்த செயலைக் கழுவுவதில்லை. ஆனால் எடுத்த பின் அதை எறிந்துவிடாமல், ஊரும் நாளும் குறித்துப் பாதுகாத்து, கேள்வியோடு வந்தவனுக்குத் திறந்து காட்டியது நற்செயலே. இரண்டும் ஒரே முட்டையின் மேல் நடந்தன. ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்லக்கூடாது; பிள்ளைக்கும் சொல்லக்கூடாது.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாயிடம், "அழைத்துப் போ அம்மா. ஆனால் பையன் கேட்பதற்குமுன் எதையும் சொல்லாதே, கேட்டபின் எதையும் மறைக்காதே" என்றோம். அவ்வாறு சொல்லும் துணிவு நமக்கு வந்ததற்குச் சில ஆண்டுகளுக்குமுன் நம் பேரனோடு அங்கே போய்வந்ததே காரணம்.

அவனுக்கும் அப்போது ஐந்து வயது. இம்முறை பேருந்து இல்லை. நாம் ஓய்வு பெற்றவர்கள். காலை வெயில் ஏறுமுன் போய்விட்டோம். எந்தக் கூடத்துக்குப் போவது என்பதை அவனிடமே விட்டோம். திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஏறக்குறைய 60 அடி நீளம். அதை அவன் தலையிலிருந்து வால்வரை தன் காலடியால் அளந்தான். நடுவில் எண்ணிக்கை தவறி மீண்டும் தொடங்கினான். அதிலேயே கால் மணி நேரம் போயிற்று. வரிசையாய் வந்த ஒரு பள்ளியின் பிள்ளைகள் அந்த நேரத்தில் மூன்று கூடங்களைக் கடந்துபோயினர். கையில் குறிப்பேடு, ஒவ்வொரு பலகையையும் பார்த்து எழுதிக்கொண்டே. அந்த ஆசிரியையை நாம் குறை சொல்லவில்லை. நாமும் நம் மாணவியருக்கு அப்படித்தான் பயிற்சியளித்தோம்: பார்த்ததை எழுது, எழுதியதை ஒப்பி. பார்க்க நேரம் கொடு என்று மட்டும் பயிற்றவில்லை.

ஓர் அனுபவத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பறவைப் பேழையின் முன் அவன் முகம் சுளித்தான். ஏன் என்று விளங்காமல் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது அவன் அருகே தரையில் அமர்ந்தோம். அவன் உயரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் சன்னல் வெளிச்சம்தான் தெரிந்தது, பறவையே தெரியவில்லை! இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளை அழைத்து வந்து, "பார், பார்" என்று சொல்லியிருக்கிறோம். அவர்கள் கண் இருக்கும் உயரத்தில் ஒருநாளும் நம் கண்ணை வைத்ததில்லை. சற்று நகர்ந்து அமர்ந்ததும் பறவை தெரிந்தது.

"பாட்டி, இது செத்துப்போச்சா?"

"ஆமாம், கண்ணா. செத்துப்போய் ரொம்ப நாளாயிற்று."

"செத்துட்டா கண்ணு ஏன் திறந்திருக்கு?"

"அது கண்ணாடிக் கண். மனிதர்கள் செய்து வைத்தது."

"அதோட கண்ணு எங்கே?"

"இல்லை. மக்கிப் போயிருக்கும்."

சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "யாராவது சுட்டாங்களா?" என்றான். "இந்தப் பறவையைப் பற்றி எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் சுட்டுத்தான் நிறையக் கொண்டு வந்தார்கள்" என்றோம். "பாவம்" என்றான். கண்ணாடியின் மேல் கையை வைத்தான்; காவலர் பார்த்துவிட்டுத் தலையசைத்ததும் எடுத்துக்கொண்டான். அழவில்லை. அதன் கால் எவ்வளவு மெல்லியது, நகம் எப்படி வளைந்திருக்கிறது என்று தானாகவே பார்க்கத் தொடங்கினான். நாம் பறவையின் பெயரையும் இனத்தையும் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டோம். ஆசிரியைக்கு அது எளிதன்று.

சிற்பக் கூடத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் முன் வந்ததும், வீட்டில் பழகியபடி கைகூப்பினான். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "விளக்கு இல்லையே பாட்டி. இவரும் செத்துட்டாரா?" நமக்கு முன்னால் நின்றிருந்த இருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை, அவன் அதே கேள்வியைத்தான் தொடர்ந்து கேட்கிறான் என்பது நமக்குத் தெரிந்தது. "அவருக்கு இனிப் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. விளக்கு அவருக்காக ஏற்றுவதில்லை, நமக்காக ஏற்றுவது" என்றோம். புரிந்ததா என்று கேட்கவில்லை. ஐந்து வயதில் நமக்கும் புரிந்திராது; இப்போதும் முழுதும் புரிந்துவிட்டதாகச் சொல்லமாட்டோம். கைகூப்பியபடி இன்னும் சிறிது நேரம் நின்றான். ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டோம். வெண்கலக் கூடத்தையும், 1988-இல் தொடங்கிய சிறுவர் அருங்காட்சியகத்தையும் பார்க்கவில்லை. பார்க்காதது இருந்தால்தான் மறுபடி வரக் கேட்பான் என்று விட்டுவிட்டோம்.

1978-இல் ஆறு வயதாயிருந்த அந்தச் சிறுமி இப்போது ஐம்பதைக் கடந்திருப்பாள். எங்கிருக்கிறாள் என்று விசாரித்தோம்; தெரியவில்லை. அக்காளும் திருமணமாகி வெளியூர் போய்விட்டாளாம். கண்டால் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான்.

அந்த இளம் தாயும் மகனும் போய்வந்தார்களா என்று இன்னும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்ன நாம், வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் எழும்பூர் அருங்காட்சியகம் திறப்பதில்லை என்பதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டோம். வெளியூரிலிருந்து பிள்ளைகளோடு வருவோர் இதை நினைவிற் கொள்ளவும்.